வாலடியில் இறங்கிய மூத்திரப்பை: காசிமேட்டு நாய் ஒன்றின் பெரினியல் ஹெர்னியா

நோயாளியின் பெயர் ராஜா. ஒன்பது வயது ஆண் ஸ்பிட்ஸ் கலப்பு, எடை 11 கிலோ, விதை நீக்கம் செய்யாதது. வீடு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெரு. கொண்டு வந்தவர்கள், ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் ஓர் அம்மாவும் படகுக்குப் போகும் அவருடைய மகனும். அவர்கள் சொன்ன குறை மலச்சிக்கல். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, இரண்டு நாளாக வாந்தி, அன்று காலை முதல் எழுந்து நிற்கவே முடியவில்லை.

"முக்கினே கீறான் சார். விளக்கெண்ண கூட ஊத்திப் பாத்துட்டேன், ஒண்ணும் வர்ல" என்றார் அம்மா.

வீக்கத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவே இல்லை. நான் வாலைத் தூக்கிப் பார்த்தபோதுதான் மகன் வாயைத் திறந்தார். ஆசனவாய்க்கு வலப்புறம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் அகலத்துக்கு வீங்கியிருந்தது. நக்கி நக்கி முடி உதிர்ந்து, தோல் இறுகிப் பளபளத்தது. சில மாதங்களாகவே இருக்கிறதாம், வருமாம், போகுமாம். தெருவில் எல்லோரும் மூலம் என்றிருக்கிறார்கள். ஓரிடத்தில் காட்டியபோது சீழ்க்கட்டி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை தீருவதற்குள் வீக்கம் வற்றிவிட்டதால் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த 'வருமாம், போகுமாம்' என்பதில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. சீழ்க்கட்டி இப்படி வந்து போகாது. பழுக்கும், உடையும், இல்லாவிட்டால் கெட்டிப்படும். முக்கும்போது பெருத்து, படுத்து எழுந்தால் சிறுத்துவிடும் வீக்கம் என்றால், வயிற்றுக்குள் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது என்று பொருள்.

அடுத்துக் கேட்டது மூத்திரத்தைப் பற்றி.

"ஒண்ணுக்குப் போறானாம்மா?"

"போறான் சார், நாளெல்லாம் காலத் தூக்கினுதான் நிக்கிறான்."

"வருதா?"

அதை யாரும் பார்த்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலத்துக்கு முக்கும் நாயும் மூத்திரத்துக்கு முக்கும் நாயும் முதுகை வளைத்து நிற்பது பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் முக்கிக்கொண்டு வரும் எந்த ஆண் நாய்க்கும் இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேட்பது என் வழக்கம்: போகிறதா என்று ஒன்று, வருகிறதா என்று இன்னொன்று.

உடல் வெப்பம் 99.4 டிகிரி ஃபாரன்ஹீட், நாய்க்கு இது குறைவு. கிள்ளிவிட்ட தோல் மெதுவாகத்தான் திரும்பியது. வாயில் அமோனியா வாடை. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 56. உடம்பில் நீர் வற்றி, வலியோடு கிடக்கும் 11 கிலோ நாய்க்குத் துடிப்பு 120-ஐத் தாண்டி ஓட வேண்டும். வீக்கத்தைவிட எனக்குக் கவலை தந்தது அந்த 56-தான்.

வயிற்றைத் தடவினால் மூத்திரப்பை கையில் படவில்லை. வழி தவறுவதற்கு ஏற்ற இடம் இது. மூத்திரம் வரவில்லை, பையும் நிரம்பவில்லை என்றால் சிறுநீரகம் நின்றுவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். அப்போது மழைக்காலம் வேறு. துறைமுகத்துப் பக்கம் எலிக்கா பஞ்சம்? வாந்தி எடுக்கும் நாயின் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருந்தால் வடசென்னையில் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் எலிக்காய்ச்சல்தான் முதலில் நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். ஆனால் மூத்திரப்பை கையில் படவில்லை என்பதற்கு இன்னொரு விடையும் உண்டு. அது இடம் மாறியிருக்கலாம். இடுப்பின் பின்புறத் தசைச் சுவர் விட்டுப்போய் உள்ளுறுப்புகள் வாலடியில் பிதுங்கும் பெரினியல் ஹெர்னியாவில் அப்படி நடக்கும்.

கையுறை, ஜெல், ஆள்காட்டி விரல். இந்த நோயை உறுதி செய்ய இவற்றுக்கு மேல் எந்தக் கருவியும் பெரும்பாலும் தேவைப்படாது. நல்ல நாயின் மலக்குடலுக்குள் விரலைப் பக்கவாட்டில் அழுத்தினால் தசைச் சுவர் எதிர்த்து நிற்கும். ராஜாவுக்கு வலப்புறம் அந்தச் சுவரே இல்லை. விரல் வளைந்து ஒரு பொந்துக்குள் போனது. அங்கே காய்ந்து இறுகிய மலம், அதில் மீன்முள்ளும் எலும்புத் துணுக்கும். மூத்திரப்பையின் கழுத்தை ஒட்டிய புராஸ்டேட் சுரப்பி தன் இடத்தில் இல்லாமல் பின்னோக்கி இழுபட்டிருந்தது. இடப்புறத் தசையும் தளர்ந்திருந்தது, ஆனால் நின்றது.

ஸ்கேன் கருவியின் முனையை வீக்கத்தின்மேல் வைத்ததும் மெல்லிய சுவருக்குள் முழுக்கக் கறுப்பு: நீர் நிறைந்த பை. ஸ்கேன் பார்க்காமல் இந்த இடத்தில் ஊசி குத்தக் கூடாது. உள்ளே இருப்பது குடலாக இருந்தால் குத்திய ஊசியே வினையாகிவிடும். 22 கேஜ் ஊசியில் 240 மி.லி. மூத்திரம் எடுத்தோம், இளஞ்சிவப்பாக. கண்ணெதிரே வீக்கம் வற்றியது. நாயின் பின்பாகத்தைத் தூக்கிப் பிடித்து வீக்கத்தை முன்னோக்கித் தள்ளியதும் பை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அதுவரை மடங்கிக் கிடந்த மூத்திரக் குழாய் நேரானதால் 6 ஃபிரெஞ்சு அளவுக் குழாய் (ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன்) தடையில்லாமல் ஏறியது. பச்சைக் குழந்தைகளுக்குப் பால் புகட்டும் குழாயைத்தான் நம் ஊரில் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறோம். மென்மையானது, மலிவு, பெரிய மருந்துக் கடை எதிலும் கிடைக்கும். அதைத் தையல் போட்டு நிறுத்தி, மூடிய சேகரிப்புப் பையோடு இணைத்தோம்.

முதலில் பொட்டாசியம்

இரத்தத்தில் பொட்டாசியம் 7.8, கிரியாட்டினின் 6.9. பொட்டாசியம் நாய்க்கு 5.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 7-க்கு மேல் போனால் இதயம் எந்த நேரமும் நிற்கலாம். இ.சி.ஜி.யில் பி அலைகள் காணோம், டி அலைகள் கூராக எழுந்திருந்தன. வெளியேற வழியில்லாத மூத்திரம் செய்யும் வேலை இது.

10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 6 மி.லி.யை, இ.சி.ஜி.யைப் பார்த்தபடியே பத்து நிமிடத்துக்கு மெதுவாக ஏற்றினோம். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. அரைமணி நேரம் இதயத்தைக் காவல் காக்கும், அவ்வளவுதான். அந்த அரைமணிக்குள் சலைனும், டெக்ஸ்ட்ரோஸோடு (சர்க்கரை நீர்) சிறிதளவு இன்சுலினும் பொட்டாசியத்தைக் குறைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும். தொடங்கின. துடிப்பு 90-ஐத் தாண்டியது, பி அலைகள் திரும்பின.

"இப்பவே ஆபரேஷன் பண்ணிட்லாமே சார்?" என்று மகன் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். நாயைக் கொல்லப் பார்த்தது அடைப்பு, அது நீங்கிவிட்டது. ஹெர்னியா ஓட்டை மூன்று நாள் காத்திருந்தாலும் அதே இடத்தில்தான் இருக்கும். இந்தப் பொட்டாசியத்தோடு மயக்க மருந்து கொடுத்தால் நாய் எழாமலே போகலாம். பெரினியல் ஹெர்னியாவுக்கு நள்ளிரவில் கத்தி எடுக்க வேண்டிய நிலை வெகு அரிது. பை திரும்பவே மறுத்தாலோ, குடல் நெரிபட்டாலோதான் அந்த அவசரம்.

வேப்பேரிக்குப் போகிறீர்களா என்றும் கேட்டேன். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. இந்த அறுவையில் கை பழகியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அம்மாவுக்கு விடியற்காலை ஏலம், மகனுக்குப் படகு. தினமும் நாயைத் தூக்கிக்கொண்டு போய்வர ஆளில்லை. சரி, இங்கேயே என்று முடிவானது.

அடைப்பு நீங்கிய பிறகு சிறுநீரகம் சும்மா இருக்காது. முதல் நாள் மூத்திரம் ஆறாகப் போகும். அந்த அளவுக்கு ஈடாக ட்ரிப்ஸ் ஏற்றாவிட்டால் நாய் மறுபடி வற்றிவிடும். மணிக்கொரு முறை சேகரிப்புப் பையில் சேர்ந்ததை அளந்து அதற்கேற்ப வேகத்தை மாற்றினோம். மறுநாள் பொட்டாசியம் 4.7, கிரியாட்டினின் 2.8. அதற்கடுத்த நாள் கிரியாட்டினின் 1.4. வலிக்கு அதுவரை பியூடார்ஃபனால் மட்டும். சிறுநீரகம் தேறும் முன்பு மெலாக்சிகாம் வகை வலி மருந்துகளைத் தொடக் கூடாது.

இரண்டாம் நாள் லேசான மயக்கத்தில், பொந்தில் சேர்ந்திருந்த மலத்தை விரலால் எடுத்தேன். எனிமா கொடுக்கவில்லை. அறுவைக்கு முன்னால் கொடுக்கும் எனிமா, கெட்டி மலத்தைத் தண்ணீராக்கி அறுவை நடக்கும்போது சரியாகக் காயத்தின்மேல் ஒழுகவிடும். இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்காகக் கடையில் விற்கும் பாஸ்பேட் எனிமாவைச் சிறிய நாய்க்கு வீட்டில் கொடுத்துவிடாதீர்கள். கால்சியத்தைச் சரித்து உயிரை எடுத்துவிடும். விளக்கெண்ணெயும் வேண்டாம்.

இது ஏன் வயதான ஆண் நாய்க்கே வருகிறது

நாயின் இடுப்பெலும்பு வளையத்தின் பின்வாசலை இரு பக்கமும் தசைத் திரை ஒன்று மூடியிருக்கிறது. அந்தத் திரையில் இரண்டு தசைகள் முக்கியம். ஒன்று மலக்குடலை ஒட்டிய லிவேட்டர் ஏனை, இன்னொன்று அதற்கு வெளிப்புறம் காக்சிஜியஸ். இரண்டும் வாலோடு பிணைந்தவை. இவை மெலிந்து, ஆசனவாய்ச் சுருக்குத் தசையிலிருந்து பிரிந்தால் அந்த இடைவெளியில் முதலில் கொழுப்பு வரும், பிறகு மலக்குடல் புடைக்கும், பிறகு புராஸ்டேட், மூத்திரப்பை, சில சமயம் குடல். ஐந்தில் ஒரு நாய்க்கு மூத்திரப்பை இப்படிப் பின்னால் மடங்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன.

வருவது பெரும்பாலும் ஏழு வயதுக்கு மேற்பட்ட, விதை நீக்காத ஆண்களுக்கு. பெண் நாய்க்கு அரிது. ஈன்றெடுப்பதற்கு ஏற்றபடி அந்தத் தசை அவற்றுக்குத் தடிமனாகவே அமைந்திருக்கிறது. ஆணுக்கு ஏன் தேய்கிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. விதையின் ஹார்மோனால் புராஸ்டேட் பெருக்கிறது. பெருத்த புராஸ்டேட் மலக்குடலை அழுத்த, நாய் வருடக்கணக்கில் முக்குகிறது. புராஸ்டேட்டிலேயே சுரக்கும் ரிலாக்சின் என்ற பொருள் பக்கத்துத் தசைகளைத் தளர்த்துகிறது என்ற கருத்தும் வலுவாக உண்டு. நரம்பு நலிவும் சில நாய்களில் சேர்ந்துகொள்கிறது.

இங்கே வடசென்னை சமாசாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருநாய்களை மாநகராட்சி பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்து, காதில் அடையாள வெட்டுப் போட்டுத் திரும்ப விடுகிறது. வீட்டு நாய் அந்தப் பிடிப்பில் வருவதில்லை. பெண் நாய் என்றால் குட்டித் தொல்லைக்குப் பயந்து கொண்டு வந்துவிடுவார்கள். ஆண் நாய் என்றால் "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் பாவம்" என்பார்கள், பெரும்பாலும் வீட்டு ஆண்கள். காதில் வெட்டு விழுந்த ஆண் நாய் ஒன்றை இந்த வீக்கத்தோடு நான் பார்த்ததில்லை. தெருநாய் அவ்வளவு வயது வாழ்வதும் குறைவு என்பதால் இதை ஆதாரமாக வைத்து வாதாட மாட்டேன். ஆனால் என் மேஜைக்கு இந்த நோயோடு வந்தவை எல்லாமே செல்லமாக வளர்ந்த, விதையோடு இருந்த வீட்டு நாய்கள்.

ராஜாவுக்குச் சாப்பாடும் கைகொடுக்கவில்லை. தினமும் சோற்றில் மீன் தலை, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு. எலும்பு தின்ற நாயின் மலம் சுண்ணாம்புக் கட்டியாகத்தான் வரும். ஹெர்னியாவை எலும்பு உண்டாக்காது. தளர்ந்த தசையைத் தினமும் இரண்டு வேளை சோதித்துப் பார்க்கும்.

அறுவை

மூன்றாம் நாள் காலை. புரொபொஃபாலில் மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் போட்டு, ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவில் வைத்தோம். முதுகெலும்பின் அடியில், பின்பாகத்தை மரக்கச் செய்யும் ஒரு எபிடூரல் ஊசி. அதனால் மயக்க மருந்தின் அளவும் குறைந்தது, ஆசனவாய்ச் சுருக்குத் தசையும் தளர்ந்து கொடுத்தது. நாயைக் குப்புறக் கிடத்தி, பின்னங்கால்களை மேஜை ஓரத்தில் தொங்கவிட்டு, இடுப்புக்கடியில் துண்டை மடித்து வைத்துப் பின்பாகத்தை உயர்த்தி, வாலை முதுகின்மேல் இழுத்துக் கட்டினோம். இந்தக் கிடப்பில் வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தின்மேல் சரிவதால் மூச்சு சிறுக்கும். பக்கத்தில் நிற்பவர் மூச்சுப் பலூனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆசனவாய்ப் பைகள் (ஆசனவாயின் இருபுறமும் வாடை நீர் சேரும் சிறு பைகள்) இரண்டையும் பிதுக்கிக் காலி செய்து, ஆசனவாயைச் சுற்றிச் சுருக்குத் தையல் போட்டு மூடியாயிற்று. அந்தத் தையலைப் பற்றிப் பலகையில் எழுதி வைப்போம். கடைசியில் அதைப் பிரிக்க மறப்பது இந்த அறுவைக்கே உரிய அசட்டுத்தனம்.

முதலில் அதே கிடப்பிலேயே விதைப்பையின் பின்பக்கம் கீறி விதை நீக்கம். இதைத் தனி அறுவையாக, 'வேண்டுமானால் செய்துகொள்ளலாம்' என்ற கணக்கில் நான் பேசுவதே இல்லை. விதையை விட்டுவைத்து ஓட்டையை மட்டும் தைத்த நாய்களுக்கு ஹெர்னியா திரும்புவது அதிகம். வெட்டிய விதைகளில் ஒன்றில் சிறு முடிச்சு இருந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பினோம், லேடிக் செல் கட்டி என்று வந்தது. வயதான நாய்களில் சாதாரணம், எடுத்துவிட்டால் முடிந்தது.

பிறகு வாலடியிலிருந்து இருக்கை எலும்பு வரை வளைவான கீறல். தோலுக்கடியில் ஹெர்னியாப் பையைத் திறந்ததும் இளஞ்சிவப்பு நீரும் கொழுப்பும் வந்தன. உள்ளே மூத்திரப்பை, அதன் கழுத்தில் பெருத்த புராஸ்டேட். பையின் சுவர் கன்றிச் சிவந்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. கறுத்த திட்டு எதுவும் இல்லை. ஈரத் துணியைச் சுருட்டி இடுக்கியில் பிடித்து எல்லாவற்றையும் முன்னே தள்ளி அங்கேயே நிறுத்திவைத்துக்கொண்டோம். லிவேட்டர் ஏனை இருக்க வேண்டிய இடத்தில் சவ்வு மட்டுமே மிஞ்சியிருந்தது. மலக்குடல் பக்கவாட்டில் புடைத்திருந்தது, ஆனால் சுவர் கிழிந்து பை தொங்கவில்லை. அதை வெட்டித் தைக்கத் தேவைப்படவில்லை.

பழைய முறையில், மிஞ்சிய தசைகளை இழுத்து ஒன்றோடொன்று தைப்பார்கள். மேல்பாதி கூடும், கீழ்ப்பாதியில் இழுக்க எதுவுமே இருக்காது. ஹெர்னியா திரும்புவதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் இடுப்பெலும்பின் தரையில் விரிந்திருக்கும் உள் ஆப்டியூரேட்டர் தசையைக் கடன் வாங்குகிறோம். இருக்கை எலும்பின் பின்விளிம்பில் எலும்புறையோடு சேர்த்துக் கீறி, பாயின் ஓரத்தைக் கிளப்புவதுபோல் பின்னிருந்து முன்னாக எலும்பிலிருந்து உரித்து எடுக்க வேண்டும். ஆப்டியூரேட்டர் துளையின் ஓரம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தசைக்கு மேலே புடென்டல் நரம்பும் இரத்தக் குழாய்களும் கண்ணுக்குத் தெரியும்படியே ஓடும். அந்த நரம்பு அறுந்தால் அந்தப் பக்கத்துச் சுருக்குத் தசை வேலை செய்யாது. ஆப்டியூரேட்டர் தசையின் தசைநாரை வெட்டினால், உரித்தெடுத்த தசை மடல் இன்னும் தாராளமாக எழும். ஆனால் பின்னங்காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது. ராஜாவுக்கு வெட்டாமலே போதுமான அளவு எழுந்தது, விட்டுவிட்டேன்.

2-0 பாலிப்ரொப்பிலீன் நூல். ஒவ்வொன்றாக முடிச்சுப் போடாமல், எல்லாத் தையல்களையும் முதலில் கோர்த்து நுனிகளைக் கவ்வியில் பிடித்து வைத்துவிட்டு, துணியை உருவியபின் மேலிருந்து கீழாக முடிச்சிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசித் தையலுக்கு ஊசி நுழைய இடமிருக்காது. மேலே சுருக்குத் தசையும் காக்சிஜியஸும், நடுவில் கிளப்பிய மடல் இரண்டோடும், கீழே மடலும் சுருக்குத் தசையும். வெளிப்பக்கம் பிடிமானம் போதாவிட்டால் முதுகெலும்பின் அடியையும் இருக்கை எலும்பையும் இணைக்கும் சேக்ரோடியூபரஸ் நாரில் கோர்ப்பது உண்டு. கோர்த்தால் அதை ஊடுருவித்தான் கோர்க்க வேண்டும், சுற்றி எடுக்கக் கூடாது. அதை ஒட்டித்தான் சயாட்டிக் நரம்பு ஓடுகிறது. மயக்கம் தெளிந்த நாய் வலியில் அலறி, பாதத்தை மடக்கி இழுத்தால் நரம்பு தையலில் மாட்டியிருக்கிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அந்தத் தையலை விடுவிக்க வேண்டும்.

மூத்திரப்பையையும் பெருங்குடலையும் வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைப்பது பற்றி அறுவை மருத்துவர்களிடையே இரு கட்சி உண்டு. பை வெளியே வந்த நாய்களுக்கு வயிற்றைத் திறந்து முதலில் அதைச் செய்துவிட்டு, சில நாள் கழித்து ஹெர்னியாவைத் தைப்பவர்கள் இருக்கிறார்கள். இரு பக்கமும் கிழிந்தவை, ஒரு முறை தைத்துத் திரும்பியவை, மலக்குடல் பெரிதும் விரிந்தவை ஆகியவற்றுக்கு நானும் அப்படித்தான் செய்வேன். முதல் முறை வரும், ஒரு பக்கம் மட்டுமான, தசை நன்றாக எழுந்த நாய்க்கு அது கூடுதல் சுமை. சிறுநீரகம் இப்போதுதான் தேறிய நாயின் வயிற்றைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

தோலை மூடியதும் சுருக்குத் தையலைப் பிரித்து, புதுக் கையுறையோடு மலக்குடலுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். வலப்புறம் சுவர் எதிர்த்து நின்றது. உள்ளே நூல் எதுவும் தட்டுப்படவில்லை; தட்டுப்பட்டிருந்தால் அதை அங்கேயே எடுத்திருக்க வேண்டும், விட்டுவைத்தால் சீழ் வழியாகிவிடும்.

பிறகு

கழுத்துக் கோன், முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், மலத்தை இளக்க லாக்டுலோஸ் 5 மி.லி. இரண்டு வேளை, வலிக்கு டிரமடால், கிரியாட்டினின் இறங்கிவிட்டதால் மூன்று நாளைக்கு மெலாக்சிகாம். அந்த இடம் மலம் படும் இடம் என்பதற்காக வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அறுவைக்கு முன் செஃப்ட்ரையாக்சோன் போட்டோம். அதன்பின் தொடர்ந்தது மூத்திரக் கல்ச்சரில் கிருமி வளர்ந்ததால் மட்டுமே. மூத்திரம் வடிய வைத்திருந்த குழாயை அறுவைக்கு மறுநாள் எடுத்தோம். அன்று மாலை ராஜா கிளினிக் வாசலில் இருந்த பைக் சக்கரத்தில் காலைத் தூக்கியது, தாரையாக வந்தது. இழுபட்டிருந்த பை சில நாய்களுக்குச் சுருங்கும் திறனை இழந்துவிடும் என்பதால் அதுவரை எனக்கு முழு நிம்மதி இல்லை.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் வேறு தொல்லை. வீட்டுக்குப் போன நாய் முக்கியதில் மலக்குடலின் உள்சவ்வு சிவந்த வளையமாக இரண்டு சென்டிமீட்டர் வெளியே வந்திருந்தது. இந்த அறுவைக்குப் பின் இது நேர்வதுண்டு. மழுங்கிய கம்பியை வளையத்துக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே முட்டி நின்றது. முட்டாமல் ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் போயிருந்தால் அது மேலே எங்கோ குடல் குடலுக்குள் செருகி இறங்கிய கேஸ். அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் நனைத்த துணியைக் கால்மணி நேரம் வைத்ததில் வீக்கம் வடிந்தது, சவ்வு உள்ளே போனது. மெல்லிய மலம் போகும் அளவுக்குத் தளர்வாக ஒரு சுருக்குத் தையல் போட்டு மூன்று நாள் வைத்திருந்து பிரித்தோம். ஏன் முக்கியது என்று விசாரித்தால், "பாவமா கீதுன்னு" பாட்டி வீட்டில் யாரோ நல்லி எலும்பு கொடுத்திருக்கிறார்கள்.

அதன்பின் சாப்பாட்டை எழுதிக் கொடுத்தேன்: குழைந்த சோறு, முள் எடுத்த மீன், வேகவைத்த பரங்கிக்காய், ஒரு ஸ்பூன் இசப்கோல் நிறையத் தண்ணீரோடு. இசப்கோலைத் தண்ணீர் இல்லாமல் கொடுத்தால் அதுவே அடைப்பாகிவிடும். இரண்டாம் வார முடிவில் தோல் தையல் பிரித்தோம். ஒரு மாதத்தில் புராஸ்டேட் பாதியாகச் சுருங்கியிருந்தது.

வாலடி வீக்கம் எல்லாம் ஹெர்னியா ஆகாது

ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால் 4 மணி, 8 மணி இடத்தில் சிவந்து, சூடாக, தொட்டால் கடிக்க வரும் கட்டி ஆசனவாய்ப் பையின் சீழ். கீறிக் கழுவினால் தீரும். ஆசனவாயைச் சுற்றி உதிரம் கசியும் கெட்டி முடிச்சுகள் வயதான ஆண் நாய்க்கு வந்தால் பெரும்பாலும் ஹெபடாய்டு சுரப்பிக் கட்டி. இதுவும் விதை ஹார்மோனில் வளர்வது, விதை நீக்கினால் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சுற்றிலும் ஓட்டை ஓட்டையாகப் புண் வந்தால் அது ஆசனவாய்ப் புரைநோய். அதற்குக் கத்தியைவிட எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துதான் உதவும். ஆசனவாய்ப் பையில் புற்றுநோயும் வரும். வீக்கம் சிறிதாக இருந்தாலும் நாய் அதிகத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் கால்சியம் பார்க்க வேண்டும். மனிதர்களுக்கு வருவதுபோன்ற மூலம் நாய்க்கு வருவதில்லை. இரண்டு சேர்ந்து வரும் கேஸும் உண்டு: ஹெர்னியாவும் ஹெபடாய்டு கட்டியும் ஒரே நாயில். இரண்டுக்கும் தீனி ஒரே ஹார்மோன் என்பதால் அதில் வியப்பில்லை.

இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது மலக்குடலுக்குள் போகும் விரல். உங்கள் நாயின் வாலடி வீக்கத்துக்கு மருத்துவர் விரல் பரிசோதனை செய்யாமல் மாத்திரை எழுதினால், செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூத்திரம் வராமல் முக்கும் நாயை, இரவானாலும் சரி, காலை வரை வைத்திருக்காதீர்கள்.

ஆறாம் மாதம் வந்தபோது ராஜா 12 கிலோ. வலப்புறம் உறுதி. இடப்புறம் முதலில் பார்த்ததைவிட மோசமாகவில்லை, ஆனால் தளர்வு அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் தைத்த நாய்க்கு மறுபக்கம் பின்னால் விட்டுக்கொடுப்பது நடக்கக்கூடியதுதான். இப்போதே அதையும் தைத்துவிடலாமா என்று மகன் கேட்டார். விதை நீக்கியாயிற்று, முக்கல் இல்லை, சுவர் நிற்கிறது; இந்த நிலையில் தைக்க மாட்டேன் என்றேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை விரல் பரிசோதனை, இடையில் மலம் ரிப்பன் மாதிரி தட்டையாக வந்தாலோ முக்கல் தொடங்கினாலோ உடனே வருவது என்று பேசி வைத்திருக்கிறோம். அம்மா தன் பங்குக்கு, வீட்டில் எலும்பு போடுகிறவர்கள் ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாராம்.